வாளும் நகைச்சுவையும்: சேலத்துச் சாகசப் படங்களின் நாடக வேர்கள்

தமிழ்ச் சாகசப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஹாலிவுட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸின் ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ (1924) இந்தியக் கொட்டகைகளில் பெற்ற வரவேற்பு, அதைப் பார்த்து வளர்ந்த பம்பாய் வாடியா சகோதரர்கள், அவர்கள் நடிகை நாடியாவை வைத்து எடுத்த ‘ஹண்டர்வாலி’ (1935), அந்தச் சாயலில் கே. டி. ருக்மணி நடித்த தமிழ்ப் படம் ‘மின்னல்கொடி’ (1937) என்று அந்தப் பாதை நீளும். பாதை சரியானதுதான். கதையும் உடையும் குதிரையும் எங்கிருந்து வந்தன என்பதை அது சொல்லிவிடும். அந்த வாளைப் பிடித்த கைக்குப் பயிற்சி எங்கே கிடைத்தது என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை. அந்த விடை சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் படங்களைச் சான்றாகக் கொள்கிறேன்.

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1930களின் நடுவில் ஏற்காடு மலையடிவாரத்தில் தொடங்கிய நிறுவனம் அது. நடிகர், எழுத்தாளர், தொழிலாளர் எல்லோரும் மாதச் சம்பளத்தில் இருந்தனர். குறித்த நேரத்தில் படப்பிடிப்பு. கண்டிப்பு மிகுந்த முதலாளி. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) இங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த இந்த நிறுவனத்தின் பலம் வேகம். அரங்கில் இறங்கிய அன்றே வாள் வீசவும் பாடவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர்கள் அதற்குத் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் நாடகக் கம்பெனிகளில்தான் கிடைத்தார்கள்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பத்து வயதுகூட நிரம்பாத சிறுவர்கள் அங்கே பாட்டு, வசனம், ஆட்டம், சண்டை அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்றார்கள். பி. யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் அங்கே வளர்ந்தவர்கள். அவர்களுக்கு வாத்தியாராக இருந்தவர் காளி என். ரத்தினம். கோவலன் நாடகத்தில் காளி வேடமேற்றதால் பெயருடன் அந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது. திரைக்கு வந்த ரத்தினத்தை மக்கள் நகைச்சுவை நடிகராகவே கொண்டாடினார்கள். ஏ.வி.எம்மின் ‘சபாபதி’யிலும் (1941) சேலத்துப் படங்கள் பலவற்றிலும் சி. டி. ராஜகாந்தத்துடன் அவர் சேர்ந்து செய்த காட்சிகள் அந்தக் காலக் குடும்பங்களைக் கொட்டகைக்கு இழுத்தன. கதாநாயகர்களின் உடலைப் பழக்கியவரும் குழந்தைகளைச் சிரிக்கவைத்தவரும் ஒருவரே. இதைத் தற்செயலென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கம்பெனிப் பயிற்சியில் சண்டையும் சிரிப்பும் ஒரே உடற்கலையின் இரு கிளைகள். விழுவது, துள்ளுவது, நேரம் பார்த்துத் திரும்புவது ஆகியவை இரண்டுக்கும் பொது.

‘உத்தமபுத்திரன்’ (1940) இதற்கு முதல் பெரிய சான்று. அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையை ஹாலிவுட் 1939இல் படமாக்கியது. அடுத்த ஆண்டே சுந்தரம் அதைத் தமிழாக்கினார். தமிழின் முதல் இரட்டை வேடப் படமாக இதைக் குறிப்பிடுவார்கள். கதை பிரான்சிலிருந்து வந்தாலும், அண்ணன் தம்பி இருவராகவும் நடித்த சின்னப்பா, சிலம்பமும் உடற்பயிற்சியும் பழகிய புதுக்கோட்டைக்காரர். 1958இல் இதே கதையை மீண்டும் எடுத்தபோது இரு வேடங்களையும் ஏற்ற சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்தான்.

நடுவில் வந்த சோதனைகளை விரைவாகவே கடக்கலாம். உலகப்போர்க் காலத்து ‘பர்மா ராணி’ (1945) போர் ஆதரவுப் படம். சுந்தரமே அதில் நடித்தார். எல்லிஸ் ஆர். டங்கன் தொடங்கி சுந்தரம் முடித்த ‘மந்திரி குமாரி’ (1950) கலைஞரின் வசனத்தால் நின்றது. ஹாலிவுட் நடிகர்களுடன் கூட்டுத் தயாரிப்பாக வந்த ‘காடு’ (1952) படத்தில் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி ஆதிகால மாமூத்துகளாக்கினார்கள். ஆர்வம் பெரிதாக இருந்தும், தமிழ்க் குடும்பங்களின் நினைவில் நிற்கும் படமாக அது ஆகவில்லை.

அப்படி நின்ற படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). கேவா கலரில் எடுத்த முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம். ஹோமி வாடியா 1954இல் இதே கதையை இந்தியில் எடுத்திருந்தார். பம்பாய்ச் சாகசப் படங்களுக்கும் தமிழ்ப் படங்களுக்குமான பழைய தொடர்பு இங்கே மீண்டும் தெரிகிறது. ஆனால் தமிழ்ப் படத்தின் நடிகர் வரிசையைப் பாருங்கள். எம்.ஜி.ஆர்., அண்ணன் காசிமாக அவருடைய சொந்த அண்ணன் எம். ஜி. சக்கரபாணி, நகைச்சுவைக்கு கே. ஏ. தங்கவேலு, கொள்ளையர் தலைவனாக பி. எஸ். வீரப்பா. நாடக மேடை தந்தவர்கள் நிறைந்த படம் இது. கொள்ளையன் மிரட்டுகிறான், உடனே ஒரு பாட்டு, உடனே தங்கவேலுவின் கலகலப்பு, பிறகு வாள். இந்த அடுக்கு இரவு முழுக்க நடந்த நாடகங்களின் அடுக்கு. பாட்டியும் பேரனும் ஒரே படத்தை ரசிக்க முடிந்ததற்கு அதுவே காரணம். குகைக் கதவைத் திறக்கும் அந்த மந்திரத்தைத் தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் தெருவில் சொல்லி விளையாடினார்கள். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின், இத்தகைய பழைய படங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தன.

1963இல் சுந்தரம் மறைந்தார். அதன்பின் நிறுவனம் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தது. ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965), ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) எனத் துப்பறியும் படங்கள் வரிசையாக வந்தன. வேதாவின் இசை வேறொரு துடிப்பைக் கொடுத்தது. ஜேம்ஸ்பாண்டின் செல்வாக்கே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பார்கள். அதோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். இவற்றில் பின்னிரண்டு படங்களின் நாயகனான ஜெய்சங்கர், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவிலிருந்து வந்தவர். நகரத்துச் சபா நாடகம் வசனத்தால் வாழ்ந்தது. சிலம்பமும் வாள்வீச்சும் அதன் பாடத்தில் இல்லை. துப்பாக்கிக்கும் கார்த் துரத்தலுக்கும் பாய்ஸ் கம்பெனி உடல் தேவைப்படவில்லை. நகைச்சுவையும் உடலை விட்டுப் பேச்சுக்கு நகர்ந்தது. ஜெய்சங்கரின் படங்கள் விறுவிறுப்பானவை, எனக்கு மிகவும் பிடித்தவையும்கூட. ஆனால் ‘அலிபாபா’வில் சண்டையும் சிரிப்பும் ஒட்டியிருந்ததைப் போல இவற்றில் ஒட்டவில்லை, நகைச்சுவை தனிக் கிளையாகவே ஓடியது.

தமிழ்த் திரை வரலாற்று நூல்கள் காளி என். ரத்தினத்தை நகைச்சுவை நடிகர் பட்டியலில் மட்டும் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இரு பெரும் வாள்வீரர்களைப் பழக்கிய அந்த வாத்தியாரின் பெயர், தமிழ்ச் சண்டைப் படங்களின் வரலாற்றில் முதல் அத்தியாயத்திலேயே இடம்பெற வேண்டும்.