ஓடை இல்லை என்று எழுதிய அறிக்கை

போன மாதம் மகன் குடும்பத்தோடு ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலிக்குப் போயிருந்தேன். அங்கிருந்து வனத்துறை ஜீப்பில் சைரந்திரி வரை அழைத்துப் போகிறார்கள். கீழே குந்திப்புழா ஓடுகிறது. "இங்கதான் டேம் கட்டறதா இருந்துச்சு" என்று வழிகாட்டி கை காட்டினார். "அப்புறம் ஏன் தாத்தா கட்டலை?" என்று பேத்தி கேட்டாள். ஜீப்பில் திரும்பும்போது அவளுக்குச் சொன்ன பதில் எனக்கே அரைகுறையாகப் பட்டது. அதனால் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சைரந்திரி அணைக்குத் தோதான இடம் என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1928இல், குறித்து வைத்துவிட்டார்கள். இருபுறமும் மலை, நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. எந்த எஞ்சினியர் பார்த்தாலும் ஆசைப்படுவார். 1973இல் திட்டக் கமிஷன் ஒப்புதல் தந்தது. 120 மெகாவாட் மின்சாரம், சுமார் 10,000 ஹெக்டேருக்குப் பாசனம், வேலைவாய்ப்பு என்று கணக்குச் சொன்னார்கள். மலபார் பகுதி மின்சாரத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. அணை வேண்டும் என்றவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கேரளத்தில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பெரிய வித்தியாசமில்லாமல் ஆதரித்தார்கள்.

அந்த ஒப்புதல் கோப்பில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடமில்லை. அணை கட்டினால் காடு என்ன ஆகும்?

அன்றைக்கு நம் நாட்டில் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற சட்டம் கிடையாது. அமெரிக்காவில் அப்போதுதான் வந்திருந்தது. 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா கடலோரத்தில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கரையெல்லாம் கறுத்துப்போனது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், 1970 ஜனவரி 1 அன்று, தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் நிக்சன் கையெழுத்திட்டார். சுற்றுச்சூழலைப் பெரிதாகப் பாதிக்கக்கூடிய வேலையை மத்திய அரசுத் துறை எதுவும் தொடங்குமுன், அதனால் வரும் பாதிப்பு என்ன, மாற்று வழி என்ன என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். அது திட்டம் கூடாது என்று சொல்லும் சட்டமல்ல, முதலில் யோசி என்று சொல்லும் சட்டம்.

இங்கே 1976இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் குழு ஒன்று, ஜாபர் ஃபத்தேஹல்லி தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்து சைலண்ட் வேலியைப் பார்க்கச் சொன்னது. பணிக்குழு பார்த்துவிட்டு, திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த 17 பாதுகாப்பு நடவடிக்கைகளைச் செய்யுங்கள் என்றும் சேர்த்து எழுதியது. அரசாங்க வேலை பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. முதல் பக்கத்தில் இருந்த 'வேண்டாம்' மறைந்துபோய், கடைசிப் பக்கத்து நிபந்தனைகள் மட்டும் கையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. நிபந்தனைகளை நிறைவேற்றச் சட்டம் போடுகிறோம் என்று மாநில அரசு உறுதி சொல்ல, 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு பச்சைக்கொடி காட்டியது.

மூழ்கப்போவது 830 ஹெக்டேர்தான், மொத்தப் பள்ளத்தாக்கில் பத்தில் ஒரு பங்கு என்பது மின்வாரியத்தின் வாதம். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு, ஆற்றை ஒட்டிய நடுப்பகுதி. அணை எழும்ப ஆகும் வருடங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், சாலைகள், லாரிகள், அடுப்பு விறகு எல்லாம் மீதி ஒன்பது பங்கிலிருந்துதானே வரும்? அங்கே வெடிப்பலா மரங்களை நம்பி வாழும் சிங்கவால் குரங்குக்கு உலகத்திலேயே மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறு வீடு இல்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அமைப்பினர். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் எழுதியும் பேசியும் ஊர் ஊராகக் கொண்டுபோனார். கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பரிஷத் மரம், குரங்கு என்று மட்டும் பேசவில்லை. மின்சாரம் எவ்வளவு, அதை வேறு எப்படிப் பெறலாம், யாருக்கு லாபம் என்று பொறியாளர்களையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டு 1979இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. அரசாங்கம் எழுதியிருக்க வேண்டிய அறிக்கையை வாத்தியார்கள் எழுதினார்கள்.

வழக்கு கேரள உயர் நீதிமன்றம் போய், 1980 ஜனவரியில் தள்ளுபடியானது. அதே மாதம் ஆட்சிக்குத் திரும்பிய இந்திரா காந்தி, விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன் தலைமையில் மத்திய, மாநிலக் கூட்டுக் குழுவை அமைக்கச் செய்தார். அந்தக் குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தபின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் இந்திரா காந்தி சுடப்பட்டிருந்தார். 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி பூங்காவைத் திறந்துவைத்தார். பேத்தி கேட்டதற்கு இதுதான் பதில்.

அதன்பிறகு சட்டம் மெல்ல மெல்ல வந்தது. போபால் விஷவாயுவுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1994 ஜனவரி 27 அன்று, பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்ற அறிவிக்கை. 1997இல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு அதில் சேர்ந்தது. 2006இல் புது அறிவிக்கை. பெரியவை டெல்லிக்கு, மற்றவை மாநில ஆணையத்துக்கு என்று பிரித்தார்கள். நிபுணர் குழு பரிசீலிக்கும் முன் மக்களிடம் கேட்க வேண்டும். பத்திரிகையில் 30 நாள் அவகாசத்தோடு விளம்பரம், தமிழில் சுருக்கம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். பேசியதையெல்லாம் பதிவு செய்து, கூட்டம் முடியுமுன் அங்கேயே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஒன்றைத் தவிர: அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிறவர்.

இப்போது அந்த இன்னொரு காரணம். 2006க்குப் பிறகு, ஒரு மாவட்டத்தில் வருவாய்த் துறையில் இருந்தபோது ஒரு குவாரிக்கான கருத்துக்கேட்பில் குறிப்பெடுக்க உதவும் வேலை எனக்கு. கல்யாண மண்டபம், வெயில் காலம். ஆடு மேய்க்கும் ஓர் அம்மா எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"அங்க ஓடையே இல்லைன்னு எழுதியிருக்கறாங்களாமா. அப்ப நாப்பது வருசமா நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டுனது எங்கீங்க?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அறிக்கைக்கான அளவீடுகள் எடுத்தது மார்ச் முதல் மே வரை. அந்த மாதங்களில் அது வெறும் மணல். ஐப்பசியில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த அம்மா சொன்னது அறிக்கையின் அடித்தளத்தையே ஆட்டும் விஷயம்.

என் குறிப்பில் நான் எழுதியது: 'நீர் ஆதாரம் குறித்து ஒருவர் ஐயம் எழுப்பினார்.' மேலதிகாரிக்குச் சுருக்கமாக இருந்தால் பிடிக்கும். பதிவிலும் அப்படியே ஏறியது. கடைசியில் படித்துக் காட்டியபோது பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாவும்தான்.

அனுமதி வந்தது, நீளமான நிபந்தனைப் பட்டியலோடு. ஓடை பற்றி ஒரு வரி இல்லை. இல்லாத ஓடைக்கு நிபந்தனை எதற்கு? அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டாலும் விதிமீறல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது என் கையெழுத்தில் இருந்த வரி.

குந்திப்புழா பிழைத்ததற்கு ஒரு காரணம், அதற்காகப் பேசியவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே எழுதினார்கள். அடுத்தவர் சுருக்குவதற்கு விடவில்லை. ஆகவே நம் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பக்கம் கருத்துக்கேட்பு விளம்பரம் வந்தால், தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிப் படியுங்கள். எழுதிக் கொடுத்தாலும் ஏற்றாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். படித்துக் காட்டும்வரை எழுந்து போகாதீர்கள். அடுத்த பஸ் வரும்.