சறுக்கி வென்ற காலமும் சறுக்காமல் வென்ற காலமும்

கார் பந்தயத்தில் வளைவைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. காரின் பின்பகுதியை வெளிப்பக்கமாகச் சறுக்கவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சமாளித்தபடி போவது ஒன்று. ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றையும் இதமாகக் கையாண்டு, தண்டவாளத்தில் ஓடுவதுபோல் காரைக் கோடு பிசகாமல் செலுத்துவது மற்றொன்று. இவற்றில் எது சுற்று நேரத்தைக் குறைக்கும் என்ற கேள்விக்கு 1930களில் ஒரு விடை இருந்தது. 1980களில் வேறு விடை வந்தது. விடையை மாற்றியதில் பெரும் பங்கு டயருக்கு உரியது.

எந்த டயரும் சற்றாவது சறுக்கினால்தான் வளைவில் பிடிமானம் தரும். சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே விழும் கோணத்தைச் சறுக்குக் கோணம் என்பர். இந்தக் கோணம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். ஓர் உச்சத்தைத் தொட்டபின் குறையத் தொடங்கும். கோணம் பெரிதாகும்போது டயர் காரைப் பின்னுக்கும் இழுப்பதால் வேகம் விரயமாகும். டயர் சூடேறித் தேயும். ஆகவே அந்த உச்சத்தை ஒட்டியே ஓட்டுபவர்தான் வேகமானவர். உச்சம் எத்தனை பாகையில் வருகிறது என்பதே காலந்தோறும் மாறியது.

1930களின் பெரும்பாலான பந்தயக் கார்களில் எஞ்சின் முன்னால் இருந்தது. டயர்கள் ஒடுங்கியவை, இழைகள் குறுக்காகப் பின்னப்பட்டவை. இவ்வகை டயர் பெரிய கோணத்தில்தான் முழுப் பிடிமானத்தைத் தந்தது. உச்சத்தைத் தாண்டினாலும் திடீரென்று கைவிடாது. இத்தாலியரான டாட்சியோ நுவோலாரி இதைப் பயன்படுத்திக்கொண்டார். வளைவு தொடங்குமுன்பே காரை உட்பக்கம் திருப்பி, நான்கு சக்கரங்களும் ஒருசேரச் சறுக்க, அதன்பின் காரின் போக்கை ஸ்டியரிங்கைவிட ஆக்சிலரேட்டரால் கட்டுப்படுத்துவது அவருடைய முறை. 1935இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், பழைய ஆல்ஃபா ரோமியோ காரில் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் அணிகளின் வலிமைமிக்க கார்களை அவர் தோற்கடித்தார்.

அதே தடத்தில் 1957 ஆகஸ்ட் 4 அன்று இந்த முறை தன் உச்சத்தைத் தொட்டது. அர்ஜென்டினாவின் ஹுவான் மானுவல் ஃபான்ஹியோவுக்கு அப்போது வயது 46. பாதி எரிபொருளுடன் புறப்பட்டு, நடுவில் நின்று டயர் மாற்றுவது அவர் திட்டம். மாற்றுவதில் தாமதமாகிவிட, ஃபெராரியில் முன்னால் சென்ற ஹாதார்ன், காலின்ஸ் இருவருக்கும் முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். பிறகு தன் மசெராட்டி 250எஃப் காரில், வளைவுகளை வழக்கத்தைவிட ஒரு கியர் கூட்டி எடுத்து, தடத்தின் முழு அகலத்துக்கும் காரைச் சறுக்கவிட்டு ஓட்டினார். தகுதிச்சுற்றில் முதலிடம் பெற்றுத்தந்த நேரம் 9 நிமிடம் 25.6 வினாடி, பந்தயத்தின் இருபதாம் சுற்றில் அதை 9 நிமிடம் 17.4 வினாடியாகக் குறைத்தார். கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் முந்தி 3.6 வினாடியில் வென்றார்.

அடுத்த சில ஆண்டுகளில் காரே மாறிவிட்டது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கூப்பர் காரில் ஜாக் பிராபம் 1959, 1960 உலகச் சாம்பியன் பட்டங்களை வென்றார். 1962இல் வந்த லோட்டஸ் 25 இன்னும் தாழ்வானது, எடை குறைந்தது, எஞ்சின் சக்தியும் அளவானது. அதில் சறுக்கி வேகத்தை இழந்தால் மீட்பது கடினம். ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க், சறுக்குவதே தெரியாதபடி ஓட்டி 1963, 1965 பட்டங்களைப் பெற்றார். அவர் வழியைப் பின்பற்றிய ஜாக்கி ஸ்டூவர்ட் மூன்று முறை உலகச் சாம்பியனானார். 1968இல் காருக்கு இறக்கைகள் வந்தன. 1971இல் ஸ்லிக் எனப்படும் வரிப்பள்ளமற்ற மொட்டை டயர் வந்தது. பிடிமானம் பெருகியது, சறுக்குக் கோணத்தின் உச்சம் சுருங்கியது.

இரு பாணிகளையும் ஒரே காரில் ஒப்பிடும் வாய்ப்பு 1973இல் கிடைத்தது. லோட்டஸ் 72 காரை, சறுக்குவதில் பேர்போன சுவீடனின் ரோனி பீட்டர்சனும் பதமாக ஓட்டும் பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டியும் ஓட்டினர். 15 பந்தயங்களில் பீட்டர்சன் 9 முறை தகுதிச்சுற்றில் முதலிடம் பெற்றார். ஃபிட்டிபால்டி ஒரே முறை. ஆனால் ஆண்டு முடிவில் ஃபிட்டிபால்டிக்கு 55 புள்ளிகள், பீட்டர்சனுக்கு 52. பீட்டர்சனின் கார் அடிக்கடி பழுதானதும் இதற்குக் காரணம். சாம்பியன் பட்டமோ 71 புள்ளிகளுடன் ஸ்டூவர்ட்டுக்குப் போனது.

காரின் அடிப்பகுதியில் ஓடும் காற்றால் காரைத் தரையோடு உறிஞ்சவைக்கும் உத்தி 1977இல் லோட்டஸ் 78 காரோடு வந்தது. கார் பக்கவாட்டில் திரும்பினால் அந்தக் காற்றோட்டம் கெடும் என்பதால் பெரிய சறுக்கலுக்கு இடமில்லாமல் போனது. ஆயினும் 1979இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் மழை கொட்டிய பயிற்சியில், கனடாவின் ஜில் வில்னவ் மற்ற எல்லோரையும்விட 9 வினாடிக்கு மேல் வேகமாகச் சுற்றினார். பிடிமானம் குறைந்த இடத்தில் பழைய கலை உயிரோடிருந்தது. 1984 முதல் பந்தயத்துக்கு 220 லிட்டர் எரிபொருள்தான் என்ற கட்டுப்பாடு வந்ததும், வேகத்தை வீணாக்காமல் ஓட்டிய பிரான்சின் அலென் பிராஸ்ட் 1985, 1986 பட்டங்களை அடுத்தடுத்து வென்றார்.

மண்ணிலும் பனியிலும் ஓடும் ராலியில் கணக்கு வேறு. அங்கே சறுக்கும் டயருக்கு முன்னால் மண் குவிந்து அணைபோல் நின்று காரைத் தாங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு முன்பே காரைத் திருப்பிவைப்பதும் பாதுகாப்பு. 1960களில் ஃபின்லாந்தின் ராவ்னோ ஆல்ட்டனென், டிமோ மாக்கினென் போன்றவர்கள் இடது காலால் பிரேக்கை மிதித்து, முன்சக்கர இழுவை கொண்ட மினி கூப்பரைக்கூடச் சறுக்கவைத்தனர். ஜப்பானில் சறுக்கல் தனி விளையாட்டாகவே வளர்ந்தது. 1970களில் குனிமிட்சு டகாஹாஷி தார்த் தடத்தில் காட்டிய பாணியைக் கெய்ச்சி சுச்சியா பரப்பினார். டிரிஃப்ட் எனப்படும் இந்தப் போட்டிகளில் சுற்று நேரத்துக்கு மதிப்பெண் இல்லை. சறுக்கும் கோணம், செல்லும் கோடு, வேகம் ஆகியவற்றை நடுவர்கள் மதிப்பிடுகின்றனர்.

காய்ந்த தார்த் தடத்தில் இன்றைய டயர்களோடு ஓடும் காருக்குப் பெரிய சறுக்கல் நேர இழப்புதான். ஆனால் சீராக ஓட்டுபவரும் சறுக்காமல் இருப்பதில்லை. ஃபான்ஹியோ பார்வையாளர் கண்ணில் படும்படி பெரிய கோணத்தில் செய்ததை, இன்றைய ஓட்டுநர் சில பாகைகளுக்குள் செய்கிறார். இருவரும் தேடியது தம் டயரின் உச்சப் பிடிமானத்தையே.