அனகாபுத்தூர் நார் நெசவு

அனகாபுத்தூர் நார் நெசவு என்பது சென்னையின் தென்புறநகரான அனகாபுத்தூரில் நடந்துவரும் கைத்தறித் தொழில். வாழை, சணல், அன்னாசி, கற்றாழை முதலியவற்றின் நாரைப் பருத்தி அல்லது பட்டுப் பாவில் ஊடையாகக் கொடுத்து நெய்வது இதன் தனித்தன்மை. சேலையால் பெயர்பெற்ற இத்துணி, வியர்வையும் தேய்மானமும் மிகுந்த மலையேற்றக் காற்சட்டை போன்ற உடைகளுக்கு எந்த அளவு ஏற்றது என்பதும் இங்கே கூறப்படுகிறது.

அமைவிடம்

அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில், பம்மலை ஒட்டி, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகே உள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

வரலாறு

சென்னை வட்டார நெசவின் வரலாறு ஏற்றுமதியின் வரலாறுதான். கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இக்கடற்கரையில் இடம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பியதற்குத் துணி வணிகமே முதற்காரணம். நெசவாளர்களைக் கோட்டைக்கு அருகிலேயே குடியமர்த்த விரும்பிய ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார். நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் எனத் தொழிலின் எல்லாப் படிகளுக்கும் உரியவர்கள் அங்கே குடியேற்றப்பட்டனர்.

இப்பகுதித் தறிகளில் பிறந்த துணிகளில் உலகப் புகழ் பெற்றது மெட்ராஸ் கைக்குட்டை. கைக்குட்டை என்று பெயர் இருந்தாலும் இது சட்டைப்பையில் அடங்குவதன்று. பக்கத்துக்கு ஒரு கெஜம், அதாவது 36 அங்குலம் கொண்ட கட்டம்போட்ட சதுரம். தலையில் கட்டவும் தோளில் போடவும் இடுப்பில் சுற்றவும் பயன்பட்டது. ஐரோப்பியக் கம்பெனிகள் இதை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றின. அங்கே அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று. கரீபியத் தீவுகளுக்கும் இதே துணி போய்ச் சேர்ந்தது; மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகியவற்றின் மரபுடையில் மெட்ராஸ் கட்டம் இன்றும் இடம்பெறுகிறது.

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இத்துணியை ‘இஞ்சிரி’ என்று அழைக்கின்றனர். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய எல்லாச் சடங்குகளிலும் அது வேண்டும். வாங்கிய துணியில் சில இழைகளை மட்டும் தேர்ந்து அறுத்து உருவி, புது உருவம் தோன்றச் செய்யும் கலையையும் அவர்கள் வளர்த்தனர். அவ்வாறு ஆன துணிக்கு ‘பெலெட்டே பிட்டே’ என்று பெயர். அசல் மெட்ராஸ் துணியை மணத்தைக் கொண்டே இனங்காணும் வழக்கமும் அவர்களிடம் உண்டு.

1950களின் இறுதியில் இதே கட்டத்துணி அமெரிக்காவிலும் பரவியது. ஏற்றுமதியாளர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் விற்ற துணி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடைகளாக விற்பனைக்கு வந்தது. துவைத்ததும் சாயம் ஓடியது, வாங்கியவர்கள் கொதித்தனர். அந்தக் குறையையே சிறப்பாக்கி ‘சாயம் ஓடும் மெட்ராஸ்’ என்று விளம்பரம் செய்ததும் தேவை பெருகிற்று. 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் மெட்ராஸ் கட்டத்தில் அரைக்கால் சட்டையும் முழுக்கால் சட்டையும் அணிந்தனர். சென்னைத் துணி கோடைக்காலக் காற்சட்டையாக உலகில் பெயரெடுத்தது அப்போதுதான்.

இக்கட்டத்துணியை நெய்த அனகாபுத்தூர்த் தறிகளுக்கு நைஜீரியாவே பெரிய சந்தையாக இருந்தது. 1970களில் அந்நாடு வெளிநாட்டுத் துணிக்குத் தடை விதிக்கவே ஊர் ஒரே அடியில் நிலைகுலைந்தது. அதன் பின்னரே நெசவாளர்களில் ஒரு சாரார் சணலுக்கும் வாழை நாருக்கும் திரும்பினர். சி. சேகர் தலைமையில் இயங்கும் அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கம் இதில் முன்னின்றது. 25 வகை இயற்கை நார் சேர்த்து நெய்த சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

நார்களின் வகைப்பாடு

செடிநார்கள் எடுக்கப்படும் உறுப்பைக் கொண்டு நான்காகப் பிரிக்கப்படுகின்றன.

*விதை நார்:* பருத்தி, இலவம்பஞ்சு. இவற்றுள் நூற்க எளிதானது பருத்தி.

*பட்டை நார்:* சணல், புளிச்சை, ஆளி. தண்டை நீரில் ஊறப்போட்டு அழுகவிட்டுப் பிரிப்பர். ஆளி நாரில் நெய்ததே லினன்.

*இலை நார்:* அன்னாசி, கற்றாழை, தாழை. வாழை நாரும் இவ்வகையே; தண்டு எனத் தோன்றுவது ஒன்றையொன்று சுற்றிய இலையடி மட்டைகளே.

*கனி நார்:* தேங்காய் நார்.

மூங்கில் இந்த வரிசையில் சேராது. கடைகளில் ‘மூங்கில் துணி’ என்று கிடைப்பதில் பெரும்பங்கு, மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ். நனைந்தால் விஸ்கோஸின் வலு குறையும்; பருத்திக்கும் ஆளிக்கும் வலு கூடும்.

நெய்யும் முறை

வாழை மட்டையைச் சுரண்டிச் சதையை நீக்கி, நாரைக் கழுவி நிழலில் உலர்த்துகின்றனர். கிடைக்கும் நார் மட்டையின் நீளமே இருக்கும் என்பதால், ஒன்றன் நுனியோடு மற்றொன்றை முடிச்சிட்டு நீளமாக்கித் தாரில் சுற்றுகின்றனர். இந்த முடிச்சு வேலை பெரும்பாலும் பெண்களுடையது. துணியைத் திருப்பி விரலால் தடவினால் முடிச்சுகள் தட்டுப்படும். கையால் செய்ததற்கு அதுவே அடையாளம். நார் வளைந்து கொடுக்காது, இழுத்தால் அறும். ஆகையால் தறியின் இழுப்பைத் தாங்கும் பாவு பருத்தியாகவோ பட்டாகவோ இருக்க, நார் ஊடையில் மட்டும் ஓடுகிறது.

மலையேற்றக் காற்சட்டைக்குப் பொருத்தம்

முழங்கால் அருகே ஜிப்பால் கழற்றி அரைக்கால் சட்டையாக்கிக்கொள்ளும் காற்சட்டைகள் பெரும்பாலும் நைலானிலும் பாலியெஸ்டரிலுமே தைக்கப்படுகின்றன. இயற்கை நாரை விரும்புவோர் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஈரம். காற்றிலிருந்து பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடும், ஆளி 12 விழுக்காடும், சணல் 13.75 விழுக்காடும் ஈரம் ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடுதான். புழுக்கத்தில் இயற்கைத் துணி உடலோடு ஒட்டாமல் இருப்பதற்கும், நனைந்தால் காய நேரமாவதற்கும் காரணம் இதுவே. மெல்லிய லினன் தடித்த பருத்தியைவிட விரைவில் காயும்.

இரண்டாவது, நீட்சி. பருத்தி இழை அறுவதற்கு முன் ஏறத்தாழ 7 விழுக்காடு நீளும். சணல் 2 விழுக்காடு கூட நீளாது. பாறையில் காலைத் தூக்கி வைக்கும்போது முழங்காலும் இருக்கைப் பகுதியும் இழுபடும் என்பதால், சணலோ வாழை நாரோ மிகுந்த துணி அவ்விடங்களில் முதலில் கிழியும். அப்பகுதிக்கு ட்ரில் எனப்படும் சாய்வரி நெசவுப் பருத்தியே உகந்தது. நார் கலந்த துணியைப் பை மூடிக்கும் இடுப்புப் பட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஜிப். துணி முழுப் பருத்தியாக இருந்தாலும் ஜிப்பின் நாடாவும் தையல் நூலும் பெரும்பாலும் பாலியெஸ்டர். முதல் சலவையில் பருத்தி சுருங்கும், நாடா சுருங்காது; முழங்காலைச் சுற்றித் துணி சுருக்கம் விழுந்து தோலை உரசும். தைக்கும் முன் துணியை நனைத்து உலர்த்தித் தையற்காரரிடம் கொடுத்தால் இது நேராது. பித்தளைப் பல்லும் பருத்தி நாடாவும் கொண்ட ஜிப் கிடைத்தால் மேலும் நன்று.

‘நூறு சதம் பருத்தி’ என்ற சீட்டை மட்டும் நம்பத் தேவையில்லை. ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் இறுகும்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளுள் சென்னைக்கு அருகிலுள்ள குடியம் குகைப் பாதை போன்ற வறண்ட, முட்புதர்ப் பாதைக்குப் பருத்தி ட்ரில் போதும். மழையும் அட்டையும் மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைக்கு இயற்கை நார்க் காற்சட்டை ஏற்றதன்று.

இன்றைய நிலை

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அனகாபுத்தூருக்குள் புகுந்தது. இளைய தலைமுறை வேறு வேலைகளுக்குப் போய்விட்டதால் தறிகள் குறைந்துவிட்டன. எஞ்சிய நெசவாளர்கள் நார்ச் சேலையையும் சட்டைத்துணியையும் நெய்து வருகின்றனர்.