குடும்பக் கொடியும் தீவு ஒயினும்: குரோஷியாவின் தால்மேஷியத் தீவுகளில் ஒரு மரபின் தொடர்ச்சி

முன்னுரை

ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையை ஒட்டிய ஹ்வார், விஸ், கோர்ச்சுலா முதலிய தீவுகளில் ஏறத்தாழ 24 நூற்றாண்டுகளாகத் திராட்சை பயிராகிறது. இதற்கிடையே ஆட்சிகள் பல மாறின. சந்தை அடியோடு சரிந்தது. பூச்சி தாக்கிக் கொடிகள் வேரோடு மாண்டன. ஆயினும் இத்தீவுகளுக்கே உரிய திராட்சை இனங்கள் இன்றும் காய்க்கின்றன. விற்பனைக்கு மட்டுமன்றி வீட்டுத் தேவைக்கும் ஒயின் செய்துவந்த சிறு குடும்பமே இத்தொடர்ச்சியைக் காத்த அடிப்படை அலகு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நிலமும் உழைப்பும்

கி.மு. 384இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் ஹ்வாரில் ஃபாரோஸ் என்னும் குடியேற்றத்தை அமைத்தனர். இன்றைய ஸ்தாரி கிராத் அதுவே. ஊரை அடுத்த சமவெளியைச் சுமார் 180 மீட்டர் அகலமும் 900 மீட்டர் நீளமும் கொண்ட செவ்வகங்களாக அளந்து பங்கிட்டனர். காரை பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்களே எல்லைகள். அந்த அளவைமுறை இன்றும் நிலத்தில் தெளிவாகத் தெரிவதாலும், திராட்சையும் ஒலிவமும் அங்குத் தொடர்ந்து விளைவதாலும், 2008இல் யுனெஸ்கோ இச்சமவெளியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

வெனிஸ் ஆட்சியில் (1420–1797) நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களிடமும் திருச்சபையிடமும் இருந்தது. குடியானவர் வாரத்துக்குப் பயிரிட்டு, விளைச்சலில் ஒரு பங்கை உடையவருக்கு அளந்தார். இந்த வாரமுறை 1930கள் வரை நீடித்தது. நிலம் தனதல்ல என்றாலும் கொடியை நட்டவரும் வெட்டிவிட்டவரும் பழத்தைப் பிழிந்தவரும் குடியானவரே. ஆகவே கொடி பற்றிய அறிவு உடைமையாளரின் மாளிகையில் தங்காமல் உழைப்பவரின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது.

எழுச்சியும் சரிவும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபில்லாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது தால்மேஷிய ஒயினுக்குக் கிராக்கி ஏறியது. தீவு மக்கள் செங்குத்தான சரிவுகளிலும் கல்லைப் பொறுக்கிக் குவித்து, அடுக்குச் சுவர் எழுப்பி, கைப்பிடி மண்ணிலும் கொடி நட்டனர். அந்தக் கற்குவியல்களை இன்றும் தீவெங்கும் காணலாம்.

வளம் நிலைக்கவில்லை. 1891இல் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு இத்தாலியுடன் செய்த வணிக ஒப்பந்தம் இத்தாலிய ஒயின் மீதான சுங்கவரியைக் குறைக்க வழிவிட்டது. தால்மேஷிய ஒயினின் விலை வீழ்ந்தது. 1894இல் ஃபில்லாக்செராவும் தால்மேஷியாவுக்குள் நுழைந்து படிப்படியாகத் தீவுகளில் பரவியது. ஆயிரக்கணக்கானோர் அமெரிக்கா, சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனக் கப்பலேறினர். இப்புலம்பெயர்வு அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1937இல் கோர்ச்சுலாவிலிருந்து நியூசிலாந்து சென்ற நிக்கோலா நோபிலோ 1943இல் அங்குத் தோட்டம் தொடங்கினார். பின்னாளில் அது அந்நாட்டின் முக்கிய ஒயின் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. குடும்பம் சென்ற இடத்துக்குத் தொழிலும் சென்றது.

ஊரில் தங்கியவர்கள் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் உள்ளூர் இனங்களை ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டனர். தென்தால்மேஷியாவின் முதன்மைக் கருந்திராட்சையாக பிளாவாட்ஸ் மாலி நிலைபெற்றது. அதன் பெற்றோரை மரபணு ஆய்வு பின்னர் வெளிக்கொணர்ந்தது. ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தின் இவான் பேயிச், எதி மாலேத்திச் ஆகியோரும் கலிஃபோர்னியாவின் கரோல் மெரிடித்தும் சேர்ந்து நடத்திய ஆய்வின்படி, கலிஃபோர்னியாவில் ஜின்ஃபண்டெல் எனப் பெயர்பெற்ற இனம் அதன் ஒரு பெற்றோர். சோல்தா தீவின் தோப்ரிச்சிச் மற்றொன்று. ஜின்ஃபண்டெலின் பூர்விகக் கொடி 2001இல் ஸ்பிளிட் நகருக்கு அருகே காஷ்தெலாவில், ஒரு பழைய தோட்டத்தில் மற்றக் கொடிகளிடையே கிடைத்தது. பழங்கொடியைப் பிடுங்காமல் விட்டுவைத்த விவசாயிகளால்தான் அந்தக் கண்டுபிடிப்பு சாத்தியமாயிற்று.

கூட்டுறவுக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவியாவில் ஒயின் வணிகம் கூட்டுறவுகளின் கைக்கும் அரசு நிறுவனங்களின் கைக்கும் சென்றது. 1953இல் தனியார் வேளாண் நிலத்துக்கு 10 ஹெக்டேர் உச்சவரம்பு வந்தது. தீவுக் குடும்பங்களின் துண்டு நிலங்கள் அவ்வரம்புக்கு வெகு கீழே இருந்ததால் பெரும்பாலும் அவர்களிடமே தங்கின. பழத்தைக் கூட்டுறவுக்குப் போட்டாலும், வீட்டுக்கான ஒரு பங்கைக் கோனோபா என்னும் கீழ்த்தளக் கிடங்கில் பீப்பாய்களில் ஊற்றிவைத்தனர். எடைக்குக் காசு தந்த சந்தை அளவை ஊக்குவித்தது. வீட்டுப் பீப்பாயோ சுவையையும் பழக்கத்தையும் காத்தது.

கூட்டுறவுகளின் பங்கும் சிறிதன்று. கோர்ச்சுலாவின் வெள்ளைத் திராட்சையான போஷிப்பிலிருந்து வரும் ஒயின் 1967இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது அக்காலத்தில்தான்.

லும்பார்தாவின் கெர்க்

குடும்பங்களே மரபைக் காத்தன என்னும் கருத்துக்கு வலுவான சான்று, கோர்ச்சுலாவின் கீழைக்கோடியில் உள்ள லும்பார்தா ஊரின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் கெர்க் என்னும் வெள்ளைத் திராட்சை. பெரும்பாலான ஒயின் திராட்சைகளின் பூக்கள் இருபாலானவை, தாமே கருவுறும். கெர்க்கின் பூவில் பெண்ணுறுப்பு மட்டுமே செயல்படும். ஆகவே அதே சமயத்தில் பூக்கும் வேறோர் இனம், பெரும்பாலும் பிளாவாட்ஸ் மாலி, பக்கத்து வரிசைகளில் நிற்க வேண்டும். பூக்கும் வாரத்தில் மழையோ கடுங்காற்றோ வந்தால் மகரந்தம் சேராது. குலையில் முழுக்காய்களுக்கு நடுவே மிளகளவுப் பொடிக்காய்கள் நிற்கும். மகசூல் கணக்குப் பார்க்கும் பெருந்தோட்டத்துக்கு இது ஒத்துவராத பயிர். எந்த வரிசையில் எதை நடுவது, எப்போது கிள்ளுவது என்பதறிந்த லும்பார்தாக் குடும்பங்கள் அதைக் கைவிடவில்லை.

விடுதலைக்குப் பின்

1980களின் இறுதியிலும், குறிப்பாக 1991இல் குரோஷியா விடுதலை அறிவித்த பின்னரும், குடும்பங்கள் தம் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கின. ஹ்வாரின் தெற்குச் சரிவில் உள்ள ஸ்வேதா நெதியெல்யா ஊரைச் சேர்ந்த ஸ்லாதன் பிளென்கோவிச் (மறைவு 2016) பிளாவாட்ஸ் மாலியை நாட்டின் உயர்தர ஒயின் வரிசையில் நிறுத்தியவர்களுள் ஒருவர். அதே தீவின் யெல்சாவில் ஆந்த்ரோ தோமிச், உலர்த்திய திராட்சையிலிருந்து செய்யும் புரோஷெக் என்னும் இனிப்பு ஒயினுக்குப் புதுமதிப்புத் தேடித்தந்தார்.

2013இல் குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அந்தப் பெயருக்கே சோதனை வந்தது. இத்தாலியின் நுரைக்கும் ஒயினான புரோசெக்கோவின் பெயரோடு ஒலி ஒத்திருப்பதாக எதிர்ப்பு எழுந்தது. செய்முறையிலோ சுவையிலோ இவ்விரண்டுக்கும் உறவில்லை. வீட்டில் பிள்ளைப்பேற்றுக்கும் திருமணத்துக்கும் எடுத்துவைக்கும் பானத்தைப் பெயர்சொல்லி விற்க முடியாத நிலை, சிறு உற்பத்தியாளருக்கு நேர்ந்த பெரும் அநீதி.

முடிவுரை

இம்மரபு அறுபடாத ஒரே இழையாக ஓடிவரவில்லை. பூச்சியாலும் வரியாலும் புலம்பெயர்வாலும் பலமுறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் மறுபடி நட்டவர்கள் குடும்பங்களே. அவர்களால் அது இயன்றதற்குக் காரணங்கள் மூன்று: நிலம் துண்டு துண்டாக இருந்தது, வீட்டுப் பயன்பாடு சந்தையைச் சாராத ஒரு தேவையைத் தந்தது, இனங்களைப் பற்றிய அறிவு கைப்பழக்கமாகவே பரவியது. இன்று தீவுகளில் இளைஞர் குறைந்து, கற்சுவர்களுக்கு இடையே புதர் மண்டுகிறது. ஒயினின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தருவதோடு அரசு நின்றுவிடக் கூடாது. அரை ஹெக்டேர் கொடியை வெட்டி, ஒட்டுக்கட்டி, அறுவடை செய்யும் குடும்பம் ஊரிலேயே வாழ வழி செய்யும் கொள்கையே கெர்க்கையும் தோப்ரிச்சிச்சையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும்.