கஞ்சா, கடவுள், கட்டளைச் சட்டம்

மட்டக்களப்பு வாவிக்கரையில ஓடுற ஓட்டோக்களில் பொப் மார்லியைக் காணுறது அதிசயமில்லை. ஸ்டிக்கரா, ரீஷேர்ட்டா, சிவப்பு மஞ்சள் பச்சைப் பட்டியா அவர் எங்கட ஊருக்குள்ள எப்பவோ வந்திட்டார். ஆனா அவர் ரஸ்தஃபாரி என்ற மதத்தைச் சேர்ந்தவர் என்பதும், அந்த மதத்தில் கஞ்சா ஒரு வழிபாட்டுப் பொருள் என்பதும் எங்கட பேச்சில பெரிசா வாறதில்லை. பாட்டு வந்தது, சாமி வரவில்லை.

ரஸ்தஃபாரி 1930களில் ஜமைக்காவில் உருவானது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த ஏழைகள், 1930 இல் எத்தியோப்பியாவில் முடிசூடிய ஹைலி செலாசியிடம் கடவுளைக் கண்டார்கள். 'கஞ்சா' என்ற சொல் அவர்களுக்கு எங்கட பக்கத்தில இருந்துதான் போனது. 1845 முதல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கொண்டுபோன சொல் அது. மலையகத்துக்குத் தமிழரைக் கொண்டுவந்த அதே பேரரசு, கிட்டத்தட்ட அதே காலம். பிறகு தடைச் சட்டங்களும் அந்தப் பேரரசின் ஆட்சியிலேயே வந்தன: ஜமைக்காவில் 1913 இல், இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமாக.

அந்தத் தடையை ஒரு ரஸ்தஃபாரி நீதிமன்றத்தில் நேருக்கு நேர் கேள்வி கேட்டது தென்னாப்பிரிக்காவில். கரெத் பிரின்ஸ் சட்டம் படித்தவர். கஞ்சா வைத்திருந்ததற்காக முன்பு தண்டிக்கப்பட்டவர். 'இனியும் என் மதப்படி பயன்படுத்துவேன்' என்று ஒளிக்காமல் சொன்னதால், சட்டத்தரணிகள் சங்கம் அவரைப் பதிவுசெய்ய மறுத்தது. 2002 இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு என்று தோற்றார். 2018 இல் திரும்ப வந்தார். வயது வந்தவர் தனிப்பட்ட இடத்தில் கஞ்சா பயன்படுத்துவதும் வளர்ப்பதும் குற்றமாகாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டியது: வென்றது மத உரிமை இல்லை, தனியுரிமை. மதத்தின் பெயரிலேயே வழிவிட்டது ஜமைக்கா. 2015 திருத்தச் சட்டம் ரஸ்தஃபாரிகளின் வழிபாட்டுப் பயன்பாட்டை ஏற்றுக்கொண்டது.

சரி, வாவிக்கரையில ஒருத்தர் 'நான் ரஸ்தஃபாரி' என்று நீதிமன்றம் போனா என்ன நடக்கும்?

எங்கட அரசியலமைப்பின் உறுப்புரை 10 சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. உறுப்புரை 14 வழிபாட்டிலும் நடைமுறையிலும் அதை வெளிக்காட்டும் உரிமையைத் தருகிறது. பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் அதைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது உறுப்புரை 15. இதுவரை எந்த நாட்டிலும் இருக்கிற மாதிரித்தான். உறுப்புரை 16 இல்தான் கதவு பூட்டப்படுகிறது. 1978 இற்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது அது. 1929 கட்டளைச் சட்டம் அதற்குள் அடங்கும். பாரிய குற்றங்களுக்கு மரண தண்டனையைக் கொண்டுவந்த 1984 திருத்தம் பிந்தியதுதானே என்றால், அதற்கு உறுப்புரை 80 இருக்கிறது. சட்டமூலமாக இருக்கும்போது குறிப்பிட்ட சில நாட்களுக்குள் கேட்டால் உண்டு. சான்றுரை பெற்ற பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது.

பிரின்ஸ் முதல்முறை தோற்றார். ஆனா அவரைத் தோற்கடிக்க நாலு நீதிபதிகளின் மறுப்பைத் தாண்ட வேண்டியிருந்தது, காரணம் எழுத வேண்டியிருந்தது. இங்க அந்தச் சட்டத்தைப் பற்றி அப்படியொரு தீர்ப்பு எழுதப்படவே வழியில்லை.

'ரஸ்தஃபாரி எங்கட பிரச்சினையா?' என்று கேக்கலாம். வாவியின் இரு கரையிலும் பத்ததி முறையில் சடங்கு நடக்கும் கோயில்கள் இருக்கின்றன. அங்கே மடையில் எதை வைப்பது என்பதை ஆகமம் சொல்வதில்லை. பூசாரியும் ஊரும் வழிவழியாக அறிந்தது அது. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் வேள்விக்குத் தடை விதித்தது. கேட்டது சைவ அமைப்பொன்று. அந்தத் தடையில் எங்களில் பலருக்குச் சந்தோசம்தான். ஆனாலும் 'எது உண்மையான சமயம்' என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அதோடு தீரவில்லை. நாளை அது வேறொரு மடையைப் பற்றி வரலாம்.

விதிவிலக்கே முடியாது என்றும் இல்லை. ஆயுர்வேத மருந்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஏற்றுமதிக்காகப் பயிரிட முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்று 2025 இல் அரசு அறிவித்தது. மருந்துக்கும் டொலருக்கும் திறக்கிற கதவு நம்பிக்கைக்குத் திறப்பதில்லை. மறுபக்கம், 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பிடித்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி ஐ.நா. நிபுணர்களே கேட்டார்கள்.

கஞ்சா அடியுங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. அது கெடுதல் என்று வாதாடுகிறவருக்கும் நீதிமன்றத்தில் இடம் வேண்டும். புதிய அரசியலமைப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கட ஆக்கள் அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேணும். அதோடு உறுப்புரை 16ஐயும் 80ஐயும் சேர்த்துக் கேப்பம். பழைய சட்டத்தைப் பார்த்து 'இது சரியா?' என்று கேட்கும் உரிமை, சடங்கு செய்யும் பூசாரிக்கும் வேணும், தலைமுடியைச் சடையாய் வளர்த்த ரஸ்தஃபாரிக்கும் வேணும்.