மாலகாவில் ஒரு பகல்

அந்தலூசியாவைக் காணச் செல்லும் முஸ்லிம் பயணிகளுள் பலர் மாலகா விமான நிலையத்தில் இறங்குகின்றனர். இறங்கியதும் கிரனாடாவுக்கும் குர்துபாவுக்கும் விரைகின்றனர். அல்ஹம்ராவுக்குக் கிடைக்கும் கண்ணீரில் ஒரு துளியும் மாலகாவுக்குக் கிடைப்பதில்லை. நம் முன்னோர் வணிகம் செய்த கிழக்குத் திசை மலாக்கா வேறு. இது ஸ்பெயினின் தென்கரையில், ஏழரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த துறைமுகம்.

கிரனாடாவில் தங்கியிருந்தபோது மிஞ்சிய ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாம் இந்நகருக்கு ஒதுக்கினோம். பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்கு உட்பட்ட வழி. பழைய நகர் முழுவதையும் நடந்தே காணலாம். ரொட்டியும் பழமும் கையில் இருந்ததால் உணவுக்கும் பெருஞ்செலவில்லை.

முதலில் அதராசானாஸ் சந்தைக்குச் சென்றோம். விடுமுறை நாளாதலால் அது அடைத்திருந்தது. எனினும் நாம் காண வந்த வாயிலைத் தெருவில் நின்றே காண முடிந்தது. ‘அதராசானாஸ்’ என்பது ‘தாருஸ் ஸினாஆ’ என்னும் அரபுத் தொடரின் திரிபு. தொழிற்கூடம் என்பது பொருள். நஸ்ரீ சுல்தான்களின் கப்பல் கட்டும் தளம் இங்கேதான் இருந்தது. அன்று கடல் இதன் சுவரருகே இருந்தது. இன்று வெகுவாக விலகிவிட்டது. 1870களில் இங்கே சந்தை எழுப்பியபோது, லாட வடிவ வளைவுடைய 14ஆம் நூற்றாண்டுப் பளிங்கு வாயிலை மட்டும் காத்து வைத்தனர். அதன் கேடயச் சின்னங்களில் நஸ்ரீகளின் முழக்கம் இன்றும் உள்ளது: ‘வலா ஙாலிப இல்லல்லாஹ்’ - அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை.

அங்கிருந்து பேராலயத்திற்கு நடந்தோம். நகரின் ஜும்ஆப் பள்ளிவாசல் இருந்த இடம் அது. நம் மஃபருக்கு வந்து மதுரை சுல்தானைக் கண்ட இப்னு பதூதா, 1350இல் மாலகாவுக்கும் வந்தார். பள்ளிவாசல் முற்றத்தின் ஆரஞ்சு மரங்களையும், தொலைதூர நாடுகளுக்கு ஏற்றுமதியான பொன்பூச்சு மட்பாண்டங்களையும் தம் பயண நூலில் வியந்து எழுதினார். பேராலயத்தின் பக்கத்தில் இன்றும் ஆரஞ்சு மரங்களுடன் ஒரு முற்றம் உண்டு.

சற்று அப்பால், 1951இல் வெளிப்பட்ட உரோமானிய அரங்கம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. அதன் மேலே குன்றில் அல்கஸபா கோட்டை. ஞாயிறு பிற்பகலில் அங்கும் கட்டணமின்றி நுழைய விடுகின்றனர். கிரனாடாவின் ஸீரி மன்னர் பாதிஸ் 11ஆம் நூற்றாண்டில் விரித்துக் கட்டிய இக்கோட்டையின் வாயில்களில் உரோமானியத் தூண்கள் நிற்கின்றன. கீழுள்ள அரங்கத்திலிருந்து பெயர்த்தவை. பள்ளிவாசலின் மீது எழுந்த ஆலயத்தைக் கண்டு வருந்தும் நாம், இத்தூண்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வென்றவர் எவராயினும் தோற்றவரின் கல்லை எடுத்தே கட்டியிருக்கின்றனர்.

அல்கஸபாவுக்கும் மேலே ஜிப்ரல்ஃபாரோ கோட்டை. 1487 மே மாதம் பெர்டினாண்டின் படை நகரை வளைத்தபோது, ஹாமித் அஸ்ஸஃக்ரீ இங்கிருந்தே எதிர்த்து நின்றார். மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகை நீடித்தது. பசியால் மக்கள் குதிரைகளையும் உண்டனர். மாலகாவைக் காக்க அஸ்ஸஃகல் அனுப்பிய படையை, கிரனாடாவிலிருந்த அவருடைய அண்ணன் மகன் அபூ அப்துல்லாஹ்வின் படையே வழிமறித்துத் தாக்கியதென வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இருவரும் நாம் வாயிலில் கண்ட அந்த முழக்கத்தின் வாரிசுகளே.

ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் ஆப்பிரிக்காவிலிருந்த கிறிஸ்தவக் கைதிகளுக்கு மாற்றாக, ஒரு பகுதியினர் போரில் துணைநின்ற பிரபுக்களுக்குப் பரிசாக, எஞ்சியோர் போர்ச்செலவை ஈடுகட்ட எனப் பங்கிடப்பட்டனர். 100 பேர் போப் எட்டாம் இன்னசென்டுக்கு அனுப்பப்பட்டனர். ஐந்தாண்டுகள் கழித்து, 1492இல், அபூ அப்துல்லாஹ்வே கிரனாடாவின் சாவிகளை ஒப்படைத்தார். அல்ஹம்ராவில் சிந்தும் கண்ணீருக்கு உரிய காரணம் மாலகாவில்தான் இருக்கிறது என்பது அக்கோட்டைச் சுவரருகே நின்றபோது நமக்குத் தெளிந்தது.

சுவருக்கு அப்பால், மேற்குத் திசையில் கரை நெடுக நீண்டு செல்கிறது. அத்திசையில், இன்று ஃபுவெங்கிரோலா என வழங்கும் ஊரில், சுஹைல் என்னும் பழங்கோட்டை உண்டு. இப்னு ஹிஷாமின் சீறாவுக்கு ‘அர்ரவ்ளுல் உனுஃப்’ என்னும் விரிவுரை எழுதி, 1185இல் மர்ராகிஷில் மறைந்த இமாம் சுஹைலீ அவ்வூரின் பெயரையே தாங்கியவர். கண் பார்வை இழந்த அப்பெரியாரின் நூல், நகரம் வீழ்வதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே கடல் கடந்துவிட்டது. அதனை எவராலும் முற்றுகையிட முடியவில்லை.

ஊர் திரும்பியதும் கல்லூரி நூலகத்தில் அந்நூலை எடுத்துப் பார்த்தோம். பாடத்திற்காகப் பல ஆண்டுகள் புரட்டிய நூல்தான். ஆசிரியர் பெயரோடு ஒட்டியிருந்த ஊர்ப்பெயரில் நம் கண் நின்றது அன்றுதான்.