லே: வழிப்போக்கர்களை நம்பிய ஊர்

ஆறு, விளைநிலம், மழை. ஒரு ஊர் உருவாக இந்த மூன்றும் வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்கின்றன. லடாக்கில் இருக்கும் லே நகரத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். வருடம் முழுவதும் விழும் மழையையும் பனியையும் கூட்டினாலும் 10 சென்டிமீட்டர் அளவுதான் தேறும். குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். சிந்து நதி பக்கத்தில் ஓடினாலும் ஊர் மேட்டில் இருப்பதால் அந்தத் தண்ணீர் மேலே வராது. மலையில் பனி உருகி இறங்கும் சின்ன ஓடைகள்தான் ஊருக்கு உயிர்.

இப்படிப்பட்ட குளிர்பாலைவனத்தில் எப்படி ஒரு தலைநகரமும், ஒன்பது மாடி அரண்மனையும், பெரிய கடைத்தெருவும் வந்தன? லே நகரத்தைக் கட்டியது வயல் அல்ல, வழி. திபெத், காஷ்மீர், பஞ்சாப், மத்திய ஆசியா ஆகிய நான்கு திசை வழிகளும் சந்திக்கும் இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அந்த வழிகள் திறந்தபோது ஊர் செழித்தது, மூடியபோது தவித்தது. லேயின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்கு

வியாபாரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லடாக்கில் பயிர் செய்யக் கிடைப்பது ஒரே ஒரு குறுகிய கோடைக்காலம். அதற்குள் பார்லி விதைத்து அறுத்துவிட வேண்டும். வறுத்து அரைத்த பார்லி மாவும், வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த தேநீரும்தான் காலங்காலமாக அங்கே சாப்பாடு.

ஓடைத் தண்ணீர் யார் வயலுக்கு எப்போது போக வேண்டும் என்பதை முடிவு செய்ய 'சுர்பொன்' என்று ஒருவரை நியமிப்பார்கள். 'சு' என்றால் தண்ணீர். நம்மூர் நீர்க்கட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன முறைப்படிதான் மடை திறக்கும். தண்ணீருக்காக வெட்டுக்குத்து நடக்காமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

இன்னொரு ஏற்பாட்டின் பெயர் 'பஸ்பூன்'. ஒரே குலதெய்வத்தை வணங்கும் சில குடும்பங்களின் கூட்டம் இது. பிறப்பு, கல்யாணம், சாவு என்று எது வந்தாலும் இந்தக் குடும்பங்கள்தான் வந்து நின்று எல்லாக் காரியமும் செய்யும். துக்க வீட்டுக்காரர்கள் எதையும் தொட வேண்டியதில்லை. பிணத்தைத் தூக்கி எரிப்பது வரை பஸ்பூன் பொறுப்பு.

நிலம் குறைவு என்பதால் அது துண்டாகாமல் இருக்க, சொத்து மூத்த மகனுக்குப் போகும். தம்பிகள் அண்ணனின் மனைவிக்கே கணவர்களாக இருப்பார்கள், அல்லது மடத்தில் சேர்ந்து துறவியாவார்கள். ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்ற இந்த வழக்கம் 1941-ல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. இதை வெறும் விநோதமாகப் பார்க்கக் கூடாது. இருக்கும் தண்ணீருக்கும் நிலத்துக்கும் ஏற்ற அளவில் மக்கள்தொகையை வைத்துக்கொள்ள அந்தச் சமூகம் கண்டுபிடித்த வழி அது.

ஆட்டு ரோமமும் ஒப்பந்தமும்

இனி வியாபாரத்துக்கு வருவோம். லேயின் ஒன்பது மாடி அரண்மனை 17-ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்ற அரசர் கட்டியது. அதன் காலடியில், கடைத்தெருவின் தலைப்பில், 1666-67-ல் ஒரு ஜும்மா மசூதி எழுந்தது. பௌத்த அரசர் ஆளும் ஊரில், அரண்மனைக்கு நேர் கீழே மசூதி! முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்புடன் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவு அது. முஸ்லிம் வியாபாரிகள் ஏற்கனவே அந்த ஊரில் நடமாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு 1679-ல் திபெத்துக்கும் லடாக்குக்கும் போர் மூண்டது. காஷ்மீரின் முகலாய ஆளுநர் லடாக்குக்குப் படை அனுப்பினார். 1684-ல் திங்மொஸ்காங் ஒப்பந்தத்தோடு போர் முடிந்தது. ஒப்பந்தத்தின் முக்கியப் பொருள் என்ன தெரியுமா? ஆட்டு ரோமம்! மேற்குத் திபெத்தின் பஷ்மினா ரோமத்தை லடாக் மட்டுமே வாங்கலாம், லடாக் அதைக் காஷ்மீருக்கே விற்க வேண்டும் என்று முடிவானது. உலகப் புகழ்பெற்ற காஷ்மீர் சால்வைக்கு மூலப்பொருள் இந்த ஏகபோகத்தின் வழியாகத்தான் போனது. லேவுக்குக் கிடைத்தது இடைத்தரகர் இடம். வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உற்பத்தி செய்பவர் ஒரு பக்கம், நெய்பவர் மறுபக்கம், நடுவில் நின்று லாபம் பார்த்தது லே.

அதே ஒப்பந்தப்படி மூன்று வருடத்துக்கு ஒரு முறை லேயிலிருந்து 'லோப்சக்' என்ற காணிக்கைப் பயணம் லாசாவுக்குப் போக வேண்டும். பதிலுக்கு லாசாவிலிருந்து வருடந்தோறும் தேயிலைக் கட்டிகளுடன் 'சாபா' என்ற வணிகக் கூட்டம் வரும். தலாய் லாமாவுக்குக் காணிக்கை கொண்டு போகும் இந்த பௌத்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியது பெரும்பாலும் லேயைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பம். லாசாவிலும் ஸ்ரீநகரிலும் அவர்களுக்கு உறவும் கடையும் இருந்தன, வழியும் தெரியும். நம்பிக்கையான ஆள் யார் என்றுதான் பார்த்தார்கள், எந்த மதம் என்று பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அப்துல் வாஹித் ராது 1942-ல் லோப்சக் கூட்டத்தோடு போய்வந்து, பிற்பாடு அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. இந்தக் கூட்டம் போகும் வழியில் இருந்த கிராமத்தார் சுமை மிருகங்களையும் ஆட்களையும் இலவசமாகத் தர வேண்டும். லே சந்தையின் லாபத்தில் ஒரு பங்கு இந்த ஏழைக் குடியானவர்களின் முதுகில் இருந்து வந்தது.

யார்க்கண்ட் வழி

1834-ல் ஜம்முவின் டோக்ரா தளபதி சோராவர் சிங் படையெடுத்து வந்தார். லடாக் அரசகுலம் ஆட்சியை இழந்தது, அரண்மனையை விட்டு சிந்துவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டோக் கிராமத்துக்குப் போனது. 1846-க்குப் பிறகு லடாக் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பகுதியானது. ராஜா போனாலும் சந்தை போகவில்லை.

பிரிட்டிஷாரின் கண் ஏற்கனவே லே மீது விழுந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராஃப்ட் 1820-ல் வந்து இரண்டு வருடம் தங்கினார். காங்ராவில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ராபர்ட் ஷா 1868-ல் லே வழியாக யார்க்கண்டுக்கே போனார். இந்தியத் தேயிலைக்கு அங்கே சந்தை கிடைக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். 1870-ல் காஷ்மீர் மகாராஜாவுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. மத்திய ஆசியாவுக்குப் போய்வரும் சரக்குகளுக்கு வழிச்சுங்கம் ரத்தானது. லேயில் பிரிட்டிஷ் தரப்பில் ஒருவர், மகாராஜா தரப்பில் ஒருவர் என இரண்டு கூட்டு ஆணையர்கள் அமர்ந்தார்கள்.

லேயிலிருந்து யார்க்கண்டுக்குப் பயணம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கர்துங் லா, சாசெர் லா என்று 5,300 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்கள், கடைசியில் 5,540 மீட்டரில் காரகோரம் கணவாய். வழி தெரியாவிட்டாலும் செத்துக் கிடக்கும் குதிரைகளின் எலும்புகளைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பார்கள். இங்கிருந்து துணி, அவுரி, மசாலாப் பொருட்கள் போயின. அங்கிருந்து பட்டு, கம்பளம், அன்று சட்டப்படியே விற்பனையான சரஸ் ஆகியவை வந்தன.

கோடை முடியும் சமயத்தில் லே கடைத்தெருவைக் கற்பனை செய்து பாருங்கள். பஞ்சாபின் ஹோஷியார்பூர் லாலாக்கள், யார்க்கண்ட் துருக்கியர், காஷ்மீரிகள், திபெத்தியர், பால்ட்டிக்கள். அதே அகலமான தெருவில்தான் போலோவும் நடக்கும்! வெளியூர் முஸ்லிம் வியாபாரிகள் லடாக்கிப் பெண்களை மணந்து உருவான குடும்பங்கள் 'அர்கோன்' என்று அழைக்கப்பட்டன. குதிரை ஓட்டுவதிலும் பயணக்கூட்டம் நடத்துவதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். குலாம் ரசூல் கல்வான் இந்த உலகத்தின் பிள்ளைதான். வறுமையில் பிறந்து, வெள்ளைக்காரப் பயணிகளிடம் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் லேயில் ஆணையரின் உதவியாளரான 'அக்சகால்' பதவி வரை உயர்ந்தார். 1923-ல் அவருடைய சுயசரிதை வெளியானது. 2020-ல் இந்திய, சீன வீரர்கள் மோதிய கல்வான் பள்ளத்தாக்கு அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

1885-ல் வந்த மொராவியப் பாதிரிமார்கள் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார்கள். 1904-ல் அவர்களில் ஒருவரான பிராங்கே, லடாக்கி மொழியில் ஒரு செய்தித்தாள் ஆரம்பித்தார். அதில் சந்தை விலை நிலவரமும் உண்டு.

கதவுகள் சாத்தப்பட்டன

1948-ல் போர் லேயின் வாசலுக்கு வந்தது. கில்கித் பக்கமிருந்து படைகள் நெருங்க, சாலை வசதியில்லாத ஊருக்கு உதவி வர ஒரே வழி வானம்தான். லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு ஊர்மக்களை வைத்து சில வாரங்களில் ஒரு மண் ஓடுதளம் அமைத்தார். 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தை அதில் இறக்கினார். ஊர் தப்பியது.

ஆனால் வியாபாரம் தப்பவில்லை. 1949-ல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் யார்க்கண்ட் வழி அடைபட்டது. அடுத்த சில வருடங்களில் திபெத் வழியும் சுருங்கி, 1962 போரோடு முற்றிலும் மூடியது. பல நூற்றாண்டு வியாபாரம் ஒரு தலைமுறைக்குள் முடிந்து போனது. குதிரைக்காரனின் அனுபவத்துக்கு மதிப்பில்லை. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட உறவினர்களைக் கடைசிவரை பார்க்காதவர்களும் உண்டு.

நான்கு வழி ஊர் ஒரு வழி ஊரானது. ஸ்ரீநகரிலிருந்து ராணுவத்துக்காகப் போடப்பட்ட சாலை, அதுவும் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் மூடிவிடும். ராணுவம்தான் புதிய வாடிக்கையாளர். கூலி, ஒப்பந்த வேலை, காய்கறி என்று மக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1974-ல் சுற்றுலாப் பயணிகளுக்கு லடாக் திறக்கப்பட்டது. மறுபடியும் வழிப்போக்கர்கள்! சராய்க்குப் பதில் விடுதி, குதிரைக்குப் பதில் டாக்ஸி.

உடைந்ததும் ஒட்டியதும்

புதிய பணம் புதிய பொறாமையையும் கொண்டு வந்தது. அரசு வேலையும் நிதியும் ஸ்ரீநகர் கையில் இருக்கிறது, சுற்றுலா லாபம் வெளியாட்களுக்குப் போகிறது என்ற குமுறல் பௌத்தர்களிடம் வளர்ந்தது. 1989-ல் கடைத்தெருவில் நடந்த ஒரு கைகலப்பு பெரிய கலவரமாக மாறியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. லடாக் பௌத்த சங்கம் சமூகப் புறக்கணிப்பை அறிவித்தது. முஸ்லிம் கடையில் வாங்கக் கூடாது, அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூடாது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகக் கூடாது.

ஒரே குடும்பத்தில் அண்ணன் பௌத்தர், தங்கை முஸ்லிம் என்று வாழ்ந்த ஊரில் இது எப்படி இருந்திருக்கும்? உறவினர் வீட்டுக்கு இருட்டிய பிறகு ஒளிந்து போய்வந்தவர்கள் இருந்தார்கள். 1992-ல்தான் புறக்கணிப்பு முடிந்தது. 1995-ல் லேவுக்குத் தன்னாட்சி மலைக் கவுன்சில் கிடைத்தது. ஆனால் கலப்புத் திருமணம் பழையபடி சகஜமாகவில்லை.

இன்று

2011 கணக்கெடுப்பின்படி லே நகரின் மக்கள்தொகை சுமார் 31,000. 2022-ல் லடாக்குக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். தண்ணீரில்லாத உலர் கழிப்பறை வைத்துச் சமாளித்த ஊரில் இன்று விடுதிகளுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். செவாங் நோர்பெல் 1980-களின் கடைசியிலிருந்து செயற்கைப் பனிப்பாறைகள் அமைத்தார். சோனம் வாங்சுக் கூம்பு வடிவப் பனி ஸ்தூபி முறையைக் கொண்டு வந்தார். இரண்டுமே குளிர்காலத்தில் வீணாகும் தண்ணீரை உறைய வைத்து, விதைப்புக் காலத்தில் உருகவிடும் தந்திரம். மழையே இல்லாத ஊரில் 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் மேகவெடிப்பு வந்து 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மண் வீடுகள் கரைந்து போயின.

2019 அக்டோபர் 31-ல் லடாக் தனி யூனியன் பிரதேசமானபோது லே கொண்டாடியது. ஆனால் சட்டமன்றம் இல்லை, நிலத்துக்கும் வேலைக்கும் இருந்த பாதுகாப்பும் போய்விட்டது என்று சீக்கிரமே புரிந்தது. மாநில அந்தஸ்தும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டுப் போராட்டம் ஆரம்பமானது. 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் அது வன்முறையாகி, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

துயரமான இந்தக் கதையிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. போராட்டத்தை நடத்தும் லே உச்ச அமைப்பில் பௌத்த சங்கமும் முஸ்லிம் அஞ்சுமன்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். கார்கில் முஸ்லிம்களும் கைகோத்திருக்கிறார்கள். 1989-ல் ஒருவர் வீட்டுத் தேநீரை மற்றவர் குடிக்கக் கூடாது என்று சொன்ன ஊர்தான் இது.

வழிகள் திறப்பதும் மூடுவதும் என்றைக்கும் லேயின் கையில் இருந்ததில்லை. லாசாவில், டெல்லியில், பீக்கிங்கில் யாரோ முடிவு செய்தார்கள். அந்த ஊரின் கையில் இருந்தது இரண்டே விஷயம். ஓடைத் தண்ணீரை முறை வைத்துப் பகிர்வது ஒன்று, பக்கத்து வீட்டுக்காரனை நம்புவது இன்னொன்று. முதலாவதை விட்டால் வயல் காயும். இரண்டாவதை விட்டால் என்ன ஆகும் என்று அந்த மூன்று வருடங்கள் காட்டிவிட்டன.